சங்ககிரி மரக்கடையில் நின்ற பென்ஸ் லாரி

பழைய லாரியைக் கண்டால் எல்லோரும் முதலில் அதன் முகத்தைப் பார்ப்பார்கள். நான் குனிந்துவிடுவேன். வலதுபக்கச் சேசிஸ் சட்டத்தில், முன்சக்கரத்தை ஒட்டி, விரல்நகம் அளவில் எண்கள் குத்தப்பட்டிருக்கும். பல வருடத்துக் கிரீஸும் புழுதியும் இறுகி அதை மூடியிருக்கும். டீசலில் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாகத் துலங்கி வரும். வாகனக் காப்பீட்டுச் சர்வேயராகச் சேலம் வட்டாரத்தில் பிழைத்த எனக்கு இது அன்றாட வேலை. விபத்தில் நொறுங்கிக் கிடக்கும் வண்டியும் காகிதத்தில் இருக்கும் வண்டியும் ஒன்றுதானா என்பதற்கு அந்தப் பென்சில் அச்சுதான் சாட்சி. வேலையை விட்ட பிறகும் பென்சிலை விடவில்லை. இப்போது அதைக் கொண்டு தேடுவது, 1950களிலும் 60களிலும் எங்கள் ஊர்களிலிருந்து பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஓடிய லாரிகளை.

என்னைப்போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒருவர் டிங்கர் பட்டறை வைத்திருக்கிறார்; ஒருவர் கல்லூரியில் வரலாறு நடத்துகிறார்; ஒருவருடைய தாத்தா நாமக்கல்லில் லாரி வைத்திருந்தவர். யாராவது எங்காவது ஒரு வேலிக்குப் பின்னால் மூக்கு நீண்ட பழைய லாரியைப் பார்த்துவிட்டால் உடனே மற்றவர்களுக்குச் செய்தி போய்விடும். பெரும்பாலும் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கேஸ் கட்டர் போய்ச் சேர்ந்திருக்கும். சங்ககிரி பக்கம் ஒரு மரக்கடையில் நின்ற லாரியை மட்டும் நாங்கள் முந்திக்கொண்டோம். இந்தப் பதிவு அதைப் பற்றியது.

முதலில் கொஞ்சம் பின்கதை. டெல்கோ, அதாவது இன்றைய டாடா மோட்டார்ஸ், 1945-இல் ரயில் எஞ்சின் செய்யத் தொடங்கிய நிறுவனம். 1954-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் பதினைந்து வருட ஒப்பந்தம் போட்டு, அதே ஆண்டில் ஜாம்ஷெட்பூரிலிருந்து லாரிகளை வெளியே அனுப்பியது. எல் 312 என்ற உருண்ட மூக்கு வண்டி முதலில். பிறகு 1210 வரிசை. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். முன்புறக் கிரில்லின் நடுவே மூன்று கை நட்சத்திரம். 1969-இல் ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் இறங்கி, வட்டத்துக்குள் ஆங்கில ‘டி’ ஏறியது. வண்டி ஏறக்குறைய அதேதான்.

வடசென்னை எண்ணூரில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. ரகுநந்தன் சரண் 1948-இல் ஆஸ்டின் கார்களைப் பூட்ட அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். சில வருடங்களிலேயே கார் பின்னுக்குப் போய், இங்கிலாந்தின் லேலண்ட் காமெட் லாரி முன்னுக்கு வந்தது. 1955-இல் நிறுவனமே அசோக் லேலண்ட் ஆகிவிட்டது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஒரே லாரியை டாட்ஜ், ஃபார்கோ, டி சோட்டோ என்று மூன்று பெயர்களில் விற்றது. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் பெட்ஃபோர்டு லாரிகளைச் செய்தது. பெட்ரோலில் ஓடிய பல ஃபார்கோக்களுக்குள் பின்னாளில் சென்னை சிம்ப்சனின் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் குடியேறியது. இவற்றில் ஃபார்கோதான் இன்று கண்ணில் படுவதே இல்லை. நான் பார்த்த கடைசி ஃபார்கோ, கேபின்கூட இல்லாமல், கிணற்றுமேட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த வெறும் எஞ்சின்.

சங்ககிரி லாரிக்கு வருகிறேன். மரம் இழுக்கும் வேலையில் கடைசிக் காலத்தைக் கழித்த வண்டி. பின்பாடி இல்லை. டயர்கள் மண்ணோடு ஒட்டிப்போயிருந்தன. கேபினுக்குள் யாரோ சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கிரில்லில் ‘டி’ இருந்தது. ஆர்.சி. என்னும் வண்டிப் பதிவுப் புத்தகத்தின் நகலில் பதிவான ஆண்டு 1971. “எழுபத்தொன்றாம் வருடத்து டாடா” என்று கடைக்காரர் சொன்னதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் எங்கள் டிங்கர் நண்பர் கிரில்லின் பின்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இங்கே வேறு ஏதோ இருந்திருக்கிறது” என்றார். வட்டத்துக்கு வெளியே, பெயிண்டுக்கு அடியில், அடைக்கப்பட்ட துளைகள் இருந்தன. நட்சத்திரம் உட்கார்ந்திருந்த இடம்.

இதை வைத்தே 1969-க்கு முந்தைய வண்டி என்று எழுதிவிடலாம்தான். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிரில் என்பது சில போல்ட்டுகளில் நிற்கும் பொருள். எந்த வண்டியின் கிரில்லை வேண்டுமானாலும் எந்த வண்டியிலும் மாட்டலாம். ஒரு விபத்து நடந்தால் மாட்டத்தான் செய்வார்கள். சேசிஸ் எண்ணும் முதல் விற்பனைக் காகிதமும் ஒன்றுக்கொன்று பொருந்தும்வரை வண்டிக்குப் பிறந்த தேதி கிடையாது.

பென்சில் அச்சு எடுத்தேன். எண் சுத்தமாக வந்தது. சட்டத்தில் மட்டும் ஓர் ஒட்டு இருந்தது: பின்சக்கர அச்சுக்கு முன்னால் வெட்டி, உள்ளே தகடு கொடுத்து, ரிவெட் அடித்து நீளத்தைக் கூட்டியிருந்தார்கள். நெடுந்தூரம் போகிற லாரிக்குப் பாடி நீளம் வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் செய்த வேலை. எஞ்சின் எண் ஆர்.சி.யில் உள்ளதோடு பொருந்தவில்லை. எஞ்சினை மாற்றாத பழைய லாரியை நான் இன்னும் பார்க்கவில்லை என்பதால் அது என்னை நிறுத்தவில்லை.

பிறகு காகிதத் தேடல். இங்கிலாந்தில் லேலண்ட் ஊரிலேயே பிரிட்டிஷ் வணிக வாகன அருங்காட்சியகம் இருக்கிறது. லாரி நிறுவனங்களின் பழைய ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் பழைய லாரிகளும் பஸ்களும் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு ஊர்வலமாக ஓடுகின்றன. நம் பக்கம் லாரியின் வரலாறு இரும்புப் பெட்டிகளில் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில், பரணில், சில வீடுகளில் நெல் குதிருக்குப் பின்னால். ஆர்.சி.யில் பழைய உரிமையாளர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்; அந்த ஏணியில் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்க வேண்டும். மூன்றாம் உரிமையாளர் ராசிபுரம். இரண்டாமவர் கரூரில் கல்குவாரி நடத்தியவர். அவர் மகனுக்கு லாரியின் நிறம் நினைவிருந்தது, வேறு எதுவும் இல்லை. முதல் உரிமையாளரின் மனைவி நாமக்கல் கோட்டைப் பக்கம் மகளோடு வசிக்கிறார் என்று தெரிந்ததும் அவரைப் பார்க்கப் போனேன்.

“அவர் போன பிறகு இந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை, தம்பி” என்றார் அந்த அம்மா. பூட்டுக்குச் சாவி இல்லை. மகள்தான் ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்தார்.

உள்ளே இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. ஃபைனான்ஸ் தவணை ரசீதுகள் நூலில் கோத்துக் கட்டப்பட்டிருந்தன. முதல் ரசீதில் சேசிஸ் எண், தேதி 1966. என் சட்டைப்பையில் இருந்த பென்சில் அச்சை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். கடைசி எண்வரை ஒன்று. 1971 என்பது பிற்பாடு எழுதப்பட்ட ஒரு நகலில் ஏறிய ஆண்டு மட்டுமே. அது வண்டி கைமாறிய ஆண்டு.

ரசீதுகளைவிடப் பர்மிட் தாள்கள் அதிகம் பேசின. நேஷனல் பர்மிட் திட்டம் வந்தது 1975-இல்தான். அதற்கு முன்னால் வெளிமாநிலம் போகிற லாரியின் பர்மிட்டில் ஒவ்வொரு மாநிலமும் மேலொப்பம் இட வேண்டும். அதனால் பர்மிட்டின் பின்பக்கம் முழுவதும் முத்திரைகள். முத்திரையில் ‘மைசூர்’ என்று இருந்தால் அது 1973 நவம்பருக்கு முந்தையது. அதன் பிறகு அந்த மாநிலம் கர்நாடகம். ‘மெட்ராஸ் மாநிலம்’ என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தையது. தேதி அழிந்துபோன பட்டறை ரசீதில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது, ஏனென்றால் அந்த மாதம்தான் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல் என்பதால் அதற்கு முந்தைய தாள்களில் எல்லாம் சேலம் மாவட்டம். இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களைக் கொண்டு தேதியில்லாத காகிதங்களை வரிசைப்படுத்துவதில் எனக்கு இருக்கும் மகிழ்ச்சியை வீட்டில் இருப்பவர்களும் இப்போது புரிந்துகொண்டுவிட்டார்கள்.

ஒரு சின்னக் குறிப்பேடும் இருந்தது. முதலாளியே ஓட்டுநராக இருந்த காலம். போகும்போது ஜவ்வரிசி, பூனாவுக்கு. விரத நாட்களில் மராட்டியர்கள் ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுகிறவரை சேலம் லாரிக்கு வடக்கே வேலை உண்டு. வரும்போது நாசிக் வெங்காயம். தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி, பெங்களூர், ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சதாரா என்று ஊர்கள் பென்சிலில் வரிசையாக. பக்கத்தில் டீசல், ஆக்ட்ராய் என்னும் ஊர் நுழைவு வரி, பஞ்சர், டீ. பூனாவுக்கு முந்தைய மலையேற்றத்துக்கு நேரே அநேகமாக ஒவ்வொரு முறையும் ஒரே சொல்: ‘தண்ணி’. ரேடியேட்டர் கொதித்து நின்று, ஆறவைத்து, நீர் ஊற்றியிருக்கிறார். பவர் ஸ்டீயரிங் இல்லை, டபுள் கிளட்ச் போடாமல் கியர் விழாது, எஞ்சின் சூடு முழுவதும் முழங்காலில். அந்த வண்டியில் பத்து டன் கணக்கில் பாரத்தோடு மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில் ஏறி இறங்கிய ஒரு மனிதர், அதைப் பற்றி எழுதி வைத்தது அந்த ஒரு சொல் மட்டுமே.

அப்புறம் அந்தப் புகைப்படம். புது லாரி எடுத்தால் முதல் பயணத்துக்கு முன்னால் ஆஞ்சநேயர் கோயிலுக்கு எதிரே நிறுத்தி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, குடும்பத்தோடு ஒரு படம் எடுப்பார்கள். இந்தப் படத்தில் கிரில் முழுவதும் மாலை. நட்சத்திரத்தின் ஒரு கை மட்டும் சாமந்திக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. நம்பர் பலகை வெள்ளையில் கருப்பு எழுத்து, அந்தக் காலத்தில் வாடகை வண்டிகளுக்கு உரியது. மஞ்சள் பலகை 2000-க்குப் பின்னால்தான். பூதக்கண்ணாடி வைத்து எண்ணைப் படித்தோம். ஆனால் என் கண் நின்றது கேபினில். நெற்றிப் பலகையில், கண்ணாடிக்கு மேலே, இரண்டு மயில்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

லாரியின் வரலாறு என்றதும் தொழிற்சாலையை நோக்கி ஓடுகிறவர்கள் தவறவிடுவது இங்கேதான். ஜாம்ஷெட்பூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ பெரும்பாலும் முழு லாரி வந்ததில்லை. எஞ்சின், சட்டம், சக்கரம், மூக்கு, ஸ்டீயரிங் இவ்வளவுதான் வந்தது. ஓட்டுநர் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து, தலைக்குமேல் வானம் தெரிய, முகத்தில் காற்று அறைய ஓட்டிக்கொண்டு வருவார். கேபினும் பாடியும் நாமக்கல்லிலோ கரூரிலோ பட்டறையில் கட்டப்பட்டன. அப்படியானால் அந்த லாரியைச் செய்தது யார்? டைம்லர்-பென்ஸின் பொறியாளர் பாதி, பெயர் தெரியாத ஓர் ஆசாரி பாதி. முதல் பாதிக்கு வரைபடம், கையேடு, அருங்காட்சியகம் எல்லாம் இருக்கின்றன. இரண்டாம் பாதியைத் தேடிப் போக வேண்டியவர்கள் நாங்கள்தான்.

மயில்களைக் காட்டிக் காட்டிப் பட்டறை பட்டறையாகப் போனோம். ஒரு வயதான ஆசாரி படத்தைக் கையில் வாங்காமலே, தள்ளி நின்று பார்த்து, எந்தப் பட்டறை வேலை என்று சொல்லிவிட்டார். அந்தப் பட்டறை இப்போது இல்லை. அவர் சிறு வயதில் அங்கே உளி தீட்டியவர். அவரைச் சங்ககிரிக்கு அழைத்துப் போனோம். கேபினின் கதவைத் திறந்ததும் அவர் செய்த முதல் காரியம், கதவுச் சட்டத்தில் இருந்த திருகுகளைக் கட்டைவிரலால் தடவியதுதான். துருவேறிய திருகுகள். ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் இருந்த வெட்டுக்கோடு ஒரே திசையில், மேலிருந்து கீழாக, நூல் பிடித்ததுபோல நின்றது. “எங்கள் மேஸ்திரி கோணலாக விட்டால் அடிப்பார். தண்ணீர் வழிந்து இறங்க வேண்டும், கோட்டில் தேங்கக்கூடாது என்பார்” என்றார்.

வரைபடம் இருந்ததா என்று கேட்டேன்.

“வரைபடமா? ஓட்டப்போகிறவரைப் பலகையில் உட்கார வைப்போம், தம்பி. கையை மடக்கி வெளியே வைக்கச் சொல்வோம். முழங்கை எங்கே நிற்கிறதோ அங்கே ஜன்னல். இந்த வண்டிக்காரர் குள்ளமான ஆளாக இருக்க வேண்டும்” என்று ஜன்னல் விளிம்பில் தன் கையை வைத்துப் பார்த்தார். அவருடைய முழங்கை அதற்கு வெகு மேலே நின்றது. புகைப்படத்தில் இருந்த மனிதர் தம் மனைவியின் காதளவுதான் இருக்கிறார். அது எனக்குத் தெரியும். ஆசாரிக்கு நாங்கள் காட்டியது மயில்கள் இருந்த பாகத்தைப் பெரிதாக்கிய படம் மட்டுமே.

நெற்றிப் பலகையை நுண்ணிய உப்புத்தாளால் ஒரு கையளவு இடத்தில் மட்டும் தேய்த்தோம். மேலே மரக்கடை அடித்த காவி. அதற்கு அடியில் குவாரிக்காரரின் மஞ்சள். அவர் மகன் சொன்ன அதே மஞ்சள். அதற்கும் கீழே அடர்பச்சை. பச்சையில் ஒரு மயிலின் கழுத்து, நீலமாக. அங்கேயே நிறுத்திவிட்டோம்.

இனி என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் இன்னும் பேச்சு ஓயவில்லை. ஒரு தரப்பு, ஜெர்மனியிலிருந்து புது நட்சத்திரம் வரவழைத்து, பழைய விளம்பரப் படத்தில் இருப்பதுபோல் இரும்புக் கேபின் செய்து மாட்டலாம் என்கிறது. அதை நான் முழு மூச்சாக எதிர்க்கிறேன். அந்த விளம்பர லாரி சேலம் சாலையில் ஓடியதே இல்லை. ஓடியது மயில் வைத்த மரக்கேபின். நீட்டிய சட்டமும், மாற்றிய எஞ்சினும், ‘டி’ ஏறிய கிரில்லும் எல்லாம் அதன் வாழ்க்கைதான். நட்சத்திரத் துளைகளை அப்படியே விட்டுவிட்டு, மயில்களைப் பொறுமையாக வெளியே கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி. ஆசாரி என் பக்கம்.

சட்டம் யார் பக்கமும் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. ஐம்பது வருடம் கடந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ வரிசையில் எண் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். நல்ல விஷயம். ஆனால் அது இருசக்கர வாகனங்களுக்கும் கார்களுக்கும் மட்டும். லாரி அந்த வரையறைக்குள் வரவில்லை. வந்தாலும், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கிறது விதி. ஓடி உழைத்த எந்த லாரி அந்த நிபந்தனையைத் தாண்டும்? ஒரு மகாராஜாவின் காருக்கு எழுதிய விதியை ஜவ்வரிசி ஏற்றிய வண்டிக்குப் பொருத்த முடியாது. லாரிகளுக்குத் தனி அளவுகோல் வேண்டும்: உழைக்கும் காலத்தில் செய்த மாற்றத்தை வரலாறாக ஏற்றுக்கொள்கிற அளவுகோல். இதை எழுதிக் கேட்க வேண்டும். நாங்கள் மனு தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.

அதுவரை வண்டிகள் நிற்காது. தேய்ந்த லேலண்டுகள் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்கைச் சுமந்து நாடு முழுவதும் அலைந்தன, எஞ்சின்கள் சில மீன்பிடிப் படகுகளுக்குள் போயின, மிச்சம் எடைக்கு. பதினைந்து வருடம் தாண்டிய வணிக வாகனங்களுக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக் கட்டணம் 2022-இல் ஏறிய பிறகு, கொல்லையில் சும்மா நிற்கிற வண்டியை யாரும் வைத்துக்கொள்ள விரும்புவதில்லை. வண்டியைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் அதன் எண்ணையும் கதையையும் எடுத்து வைத்துவிடலாம் என்பதுதான் எங்கள் அவசரம்.

சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு பக்கம் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது லாரி ஓட்டியிருந்தால், வைத்திருந்தால், கட்டியிருந்தால், பழைய பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஆர்.சி., பர்மிட், தவணை ரசீது, ஆக்ட்ராய்ச் சீட்டு எதுவானாலும் சரி, இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். மாலை போட்ட லாரியின் படம் கிடைத்தால் சட்டத்திலிருந்து பிய்த்து எடுக்க வேண்டாம், ஒட்டியிருக்கும் முகம் உரிந்துவிடும். கண்ணாடியோடு சாய்வாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொல்லையில் வண்டியே நிற்கிறது என்றால், எடைக்குப் போடுகிற தேதியை ஒரு வாரம் தள்ளிப்போட்டு எனக்குச் சொல்லுங்கள். தாளும் பென்சிலும் நான் கொண்டுவருகிறேன்.